நிலம் அளந்த கதை – 23: பக்கத்துப் புலத்தோடு ஒட்டாத கோடு

சென்ற அத்தியாயத்தில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவைப் பத்திகொண்டாவில் விட்டுவிட்டு வந்தோம். 1827 ஜூலையில் காலரா அவரைக் கொண்டுபோனபோது, பயிரிடுகிறவரிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் வேர் பிடித்திருந்தது. அது எந்த அளவையின் மேல் நின்றதோ அந்த அளவைதான் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. பைமாஷ் என்ற அந்தப் பழைய அளவையில் எண் உண்டு, பரப்பு உண்டு, பயிரிடுகிறவர் பெயர் உண்டு, வரைபடம் கிடையாது. பைமாஷ் 212, இத்தனை காணி புஞ்சை என்று ஏட்டில் இருக்கும். அந்த 212 ஊரில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று காட்ட ஒருவரால்தான் முடியும். கணக்குப்பிள்ளை. அவர் கைகாட்டிய இடம்தான் 212.

ஒரு மனிதரின் கைவிரலை நம்பி வரி வாங்குவது அரசாங்கத்துக்கு உவப்பாக இருக்குமா? மாகாணம் முழுவதையும் புலம் புலமாக அளந்து, எண்ணிட்டு, கல் நட்டு, படம் வரைந்துவிடுவது என்ற யோசனை 1850களின் நடுவில் உருவாகி, 1858-ல் துறையாகவே கிளம்பியது. இன்று உங்கள் பட்டாவில் உள்ள சர்வே எண் அந்த வேலையின் வாரிசு. அந்தக் கோடுகள்தான் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கணினித் திரையில் வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதுதான் இந்த அத்தியாயம். அதைப் புரிந்துகொள்ள, அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கிராமத்தின் சுற்றெல்லை. மூன்று கிராமங்கள் கூடும் முனைகளில் கல் நட்டார்கள். தியோடலைட் வைத்துக் கோணம் பார்த்தார்கள். கிராமத்தை ஒரு சட்டத்துக்குள் அடைத்தார்கள். அதற்குள் கண்டம் கண்டமாகப் பிரித்தார்கள். கண்டத்துக்குள் ஒவ்வொரு புலத்தையும் அளக்கும் வேலை வந்தபோது தியோடலைட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். புலத்துக்குச் சங்கிலியே போதும்.

லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் குண்டர் 1620-ல் வகுத்த சங்கிலி அது. நீளம் 66 அடி, அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். மனைத் தரகர்கள் மூச்சுவிடாமல் சொல்லும் 435.6 சதுர அடி என்ற விசித்திரமான எண் இந்தச் சங்கிலியிலிருந்து வந்ததுதான். நம் வேலியையும் மாவையும் குழியையும் தள்ளிவிட்டு வந்த அந்தச் சென்ட், வெள்ளைக்காரர் போன பிறகும், மெட்ரிக் வந்த பிறகும் போகவில்லை.

புலத்தின் மூலைகளில் கல் இருக்கும். ஒரு மூலைக் கல்லிலிருந்து எதிர் மூலைக் கல்லுக்கு நேர்கோடு பிடித்துச் சங்கிலியை விரித்துக்கொண்டே போவார்கள். அந்தக் கோட்டுக்கு ஜி-லைன் என்று பெயர். வரப்பு எங்கெல்லாம் வளைகிறதோ, அந்த வளைவுக்கு நேராக நின்று, ஜி-லைனிலிருந்து செங்குத்தாக இடப்புறம் இத்தனை லிங்க், வலப்புறம் இத்தனை லிங்க் என்று குறித்துக்கொள்வார்கள். அது ஆஃப்செட். வரப்போடு கல்லுக்குக் கல் அளந்தால் எஃப்-லைன். ஜி-லைனை நெடுக்கே நிறுத்தி, ஆஃப்செட்டுகளை இருபுறமும் படிகளாக எழுதும் தாளுக்கு லேடர் என்றே பெயர். சர்வேயர்கள் இன்றும் இதே சொற்களைத்தான் பேசுகிறார்கள்.

இந்த முறையில் கோணம் என்பதே இல்லை. தேவையும் இல்லை; முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் கோணம் தானாக வந்துவிடும். இதைப் பழங்காலத்து வேலை என்று சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு புலத்தில் இரண்டு கல் மிஞ்சியிருந்தால் போதும், காணாமல் போன மூன்றாவது கல்லின் இடத்தைச் சங்கிலியும் ஒரு தாளும் கொண்டு மறுபடி கண்டுபிடித்துவிடலாம். மின்சாரம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். பல்லாயிரம் கிராமங்களில், குறைந்த படிப்புள்ள ஆட்களை வைத்து, தலைமுறை தலைமுறையாக நடத்த வேண்டிய வேலைக்கு இதைவிடக் கச்சிதமான முறை அன்றைக்கு வேறொன்று இருந்திருக்க முடியாது.

ஆனால் அதன் அமைப்பிலேயே ஒரு சங்கதி ஒளிந்திருந்தது. ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். அதுதான் புலப்படம். தாளின் நடுவில் அந்தப் புலம் மட்டும். சுற்றிலும் பக்கத்துப் புலங்களின் எண்கள் வெறும் இலக்கமாக நிற்கும், அவற்றின் உட்கோடுகள் இருக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் தாளில் இல்லை. 45-க்கும் 46-க்கும் நடுவில் உள்ள ஒரே வரப்பு, 45-ன் தாளில் ஒரு முறையும் 46-ன் தாளில் ஒரு முறையும் ஆக இரண்டு தடவை பதிவாகியிருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. தகராறு வந்தால்தான் தாள் வெளியே வரும். தகராறுக்கு உரிய தாள் மட்டும் வரும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்காக அளந்தார்கள்? விடை அ-பதிவேட்டில் இருக்கிறது. கிராமத்தின் நிலம் முழுவதற்குமான தாய்ப் பதிவேடு அது. அதன் பத்திகளை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போங்கள்: புல எண், உட்பிரிவு, பழைய எண், ரயத்துவாரியா இனாமா, நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், இருபோகமா, மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை. இத்தனையும் தாண்டிய பிறகுதான், ஏறக்குறைய கடைசியில், பட்டா எண்ணும் பெயரும் வருகின்றன. மண்ணின் நிறத்தையும் ஏரித் தண்ணீரின் வரத்தையும் விசாரித்த அளவுக்கு இந்தப் பதிவேடு உடைமையாளரை விசாரிக்கவில்லை. அதற்கு வேண்டியது தீர்வையை யாரிடம் கேட்பது என்ற ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவர் நிலத்தை எப்படி அடைந்தார், அண்ணன் தம்பிக்குப் பங்கு உண்டா, அடமானம் இருக்கிறதா என்பதெல்லாம் தாசில்தாரின் கவலை அல்ல.

அந்தக் கவலை வேறொரு அலுவலகத்துக்குப் போனது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அசையாச் சொத்து குறித்த, உயில் அல்லாத ஆவணம் எதுவானாலும் அந்தச் சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் அதில் இருக்க வேண்டும் என்கிறது. அரசு வரைபடத்தையோ சர்வேயையோ சுட்டித்தான் விவரிக்க வேண்டும் என்று அரசு விதி செய்துகொள்ள 22-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆக, சர்வே எண் பத்திரத்துக்குள் நுழைந்தது. ஆனால் ஊரில் பத்திரம் எழுதியவர்கள் அதை மட்டும் நம்பவில்லை. தபசில் என்றும் சொத்து விவரம் என்றும் சொல்லப்படும் கடைசிப் பகுதியில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பு எல்லாம் எழுதிவிட்டு, 'இதற்குச் சக்குபந்தி' என்று தொடங்கி நான்கெல்லையையும் எழுதினார்கள்: வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு.

இதைப் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். வண்டிப்பாதைக்கு வடக்கு என்றால் பாதை வடக்கே இருக்கிறது என்று பொருள் அல்ல. பாதைக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது, பாதை நமக்குத் தெற்கே. நகரத்துப் பத்திரங்கள் சில இதைத் திருப்பி எழுதுகின்றன. இரண்டு பாணியும் கலந்த ஒரு மூலப்பத்திரத் தொடரைக் கையில் எடுத்தால், எந்த வக்கீலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுத்தான் ஆரம்பிப்பார்.

நான்கெல்லையின் பலம், அது கண்ணால் பார்த்த விவரம். வாங்குகிறவரும் விற்கிறவரும் வரப்பில் நடந்து பார்த்து ஒப்புக்கொண்டது. அதனால்தான் பரப்புக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் நான்கெல்லையே நிற்கும் என்ற விதியை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கின்றன. இரண்டு ஏக்கர் என்று எழுதியிருந்து, சொன்ன எல்லைகளுக்குள் இரண்டேகால் இருந்தால், வாங்கியவருக்கு இரண்டேகால். சர்வே எண் தவறாக விழுந்து எல்லை தெளிவாக இருந்தாலும் எல்லைக்கே முதலிடம் தந்த தீர்ப்புகள் உண்டு. பலவீனம், பக்கத்து நிலத்துக்காரர் செத்துப்போவார், விற்றுவிடுவார், வாய்க்கால் தூர்ந்துபோகும். அறுபது வருஷத்துக்கு முந்தைய பத்திரத்தில் உள்ள 'இன்னார் புஞ்சை' இன்று யாருடையது என்று கண்டுபிடிக்க அந்த இன்னாரின் குடும்ப வரலாறு வேண்டும்.

இப்படியாக ஒரே நிலத்துக்கு இரண்டு விவரம் இரண்டு அலுவலகத்தில் வளர்ந்தது. வருவாய்த் துறையிடம் எண்ணும் அளவும். பதிவுத் துறையிடம் எல்லையும் கைமாற்றமும். இந்தியாவில் பதிவாவது ஆவணம்தான், உரிமை அல்ல. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858-ல் சட்டமாக்கிய முறையில் பதிவேட்டில் பெயர் இருந்தால் அரசே உரிமைக்குப் பொறுப்பு. நம் மாகாணம் தன் அளவைத் துறையைத் தொடங்கிய அதே வருஷம் அது. அங்கே அளவையும் உரிமையும் ஒரே ஏட்டுக்குப் போயின. இங்கே வெவ்வேறு கட்டடத்துக்குப் போயின. அரசே உரிமைக்கு உறுதி தரும் முறைக்கு இந்தியாவும் மாற வேண்டும் என்று டி.சி. வாத்வா குழு 1989-ல் அறிக்கை கொடுத்தது. இன்னும் மாறவில்லை.

நடுவில் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், பின்னால் இது தேவைப்படும். 1923-ஆம் ஆண்டு நிலஅளவை மற்றும் எல்லைகள் சட்டம். இதன்படி அளவை அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, தகராறு இருந்தால் விசாரித்து, மேல்முறையீடு கேட்டு, கடைசியில் அளவை முடிந்தது என்று அரசிதழில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால், அதில் பதிவான எல்லைகள் சரியாகத் தீர்மானிக்கப்பட்டவை என்பதற்கு அந்தப் பதிவே முடிந்த முடிபான சான்று. ஆட்சேபிக்கிறவர் மூன்று வருஷத்துக்குள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். அதாவது புலப்படத்தின் கோடு சட்டத்தின் பலம் பெற்றது. அந்தப் பலத்தை அதற்குக் கொடுத்தது அளவின் துல்லியம் அல்ல, அறிவிப்பும் விசாரணையும்.

ஜமீன் நிலங்களின் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அவையும் அளக்கப்பட்டு ரயத்துவாரிக்குள் வந்தன. அந்த அவசரம் தனி அத்தியாயம்.

1979-க்கு வருவோம். அளந்து முடித்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பட்டாவில் இருந்த பெயர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போயிருந்தார்கள். பாகப்பிரிவினைகள் வாய்மொழியாக நடந்திருந்தன. வாங்கியவர்கள் பத்திரம் பதிந்ததோடு சரி, பட்டா மாற்றவில்லை. இதைச் சீர்செய்யத்தான் தமிழ்நாடு அரசு நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, யூ.டி.ஆர். என்றால் குக்கிராமத்திலும் தெரியும். ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைத் திருத்தினார்கள், அனுபவத்தில் பிரிந்து கிடந்தவற்றுக்கு உட்பிரிவு போட்டார்கள், ஏக்கர் சென்ட்டை ஹெக்டேர் ஏர் ஆக்கினார்கள். 1980களின் பின்பாதி வரை வேலை நீண்டது.

நட்ட நடுவில், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கணக்குப்பிள்ளையான கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக ஒரு சில குடும்பங்களின் பிடியில் இருந்த கணக்கு அரசு ஊழியரான கிராம நிர்வாக அலுவலரிடம் போனது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அந்த ஒழிப்பு செல்லும் என்றது. நியாயமான காரியம்தான். கணக்குப்பிள்ளையின் பேனாமுனையில் நிலம் இழந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நேரத்தைப் பாருங்கள்: மாநிலத்தின் அத்தனை நிலத்துக்கும் பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்த காலத்தில், எந்தப் புலம் எந்தக் குடும்பத்தின் எந்தக் கிளையிடம் இருக்கிறது என்று ஏட்டைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். நல்லதும் கெட்டதுமாக அவர்கள் தலைக்குள் இருந்தது தலையோடு போயிற்று.

யூ.டி.ஆர். பட்டாக்களில் தவறு உண்டு என்பது இன்று தனியொரு வழக்கு வகையாகவே ஆகிவிட்டது. பத்திரம் ஒருவர் பெயரில், யூ.டி.ஆர். பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பெயரில். மூன்று அண்ணன் தம்பிகளில் ஊரில் இருந்தவர் பெயர் மட்டும் ஏறியது. கூட்டுப் பட்டாவில் ஆறு பேரும் நான்கு எண்ணும் இருக்கும், யாருக்கு எது என்று இருக்காது. மாவட்ட வருவாய் அலுவலர் மேசையில் யூ.டி.ஆர். திருத்த மனுக்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அளவு மாற்றத்திலும் ஒரு நுணுக்கம்: அக்காலப் பதிவுகளில் ஏர் கணக்கின் கடைசி இலக்கம் பெரும்பாலும் 0 அல்லது 5. அரை ஏருக்குச் சுருட்டியிருக்கிறார்கள். அரை ஏர் என்றால் 50 சதுர மீட்டர், ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்றே குறைவு. புஞ்சைக்காட்டில் அது ஒரு பனைமர நிழல். அதே காடு புறநகரான பிறகு அது ஒரு வீட்டின் முன்னறை.

இந்த ஏடுகளைத்தான் கணினிக்குள் இறக்கினார்கள்.

மத்திய அரசின் நிலப்பதிவுக் கணினிமயத் திட்டம் 1988-89-ல் ரங்காரெட்டி, வார்தா, மயூர்பஞ்ச் முதலான எட்டு மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாடு அந்த எட்டில் இல்லை. பின்னால் வந்து, வேகமாகவே வந்தது. எல்லா மாநிலமும் முதலில் செய்தது எழுத்தை ஏற்றுவதை. அதாவது சிட்டா, அடங்கல், அ-பதிவேடு. கர்நாடகத்தின் பூமி திட்டம் இதில் பேர்போனது: 67 லட்சம் விவசாயிகளின் ஏறத்தாழ இரண்டு கோடிப் பதிவுகளைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் பிரதி இனிச் செல்லாது என்றும் அறிவித்தார்கள். பாராட்டு குவிந்தது. அந்த இரண்டு கோடிப் பதிவிலும் ஒரு கோடுகூடக் கிடையாது என்பதைப் பாராட்டியவர்களில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. பைமாஷ் காலத்தைப் போலவே எண், பரப்பு, பெயர்.

எழுத்தை ஏற்றுவதும் சுலபமாக இருக்கவில்லை. ஒரு நிலத்துக்கு நிலையான அடையாளம் வேண்டும் என்பது எந்தத் தரவுத்தளத்துக்கும் முதல் நிபந்தனை. சர்வே எண் 45 தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆகவே மாவட்டம், வட்டம், கிராமம், எண், உட்பிரிவு எல்லாம் சேர்ந்தால்தான் ஓர் அடையாளம். மாவட்டத்தைப் பிரித்தால் அடையாளம் மாறும். வட்டத்தைப் பிரித்தாலும் அப்படியே. 45/2-ல் பாதியை விற்றால் 45/2A, 45/2B பிறக்கும். 2A-யைப் பிரித்தால் 2A1, 2A2. அதையும் பிரித்தால் 2A1A. எண்ணும் எழுத்தும் மாறி மாறி நீளும். 45/2 என்ற அடையாளம் அன்றோடு காலாவதி. ஆனால் 1960-ல் எழுதிய பத்திரம் 45/2 என்றுதான் சொல்லும், அதற்கு முந்தையது பைமாஷ் எண்ணைச் சொல்லும், ஊர் நகராட்சியானால் டவுன் சர்வே எண் என்று புதிதாக ஒன்று வரும். வில்லங்கச் சான்று எடுக்கிறவர் இந்த எண்கள் அத்தனையையும் கொடுத்துத் தேடாவிட்டால் நடுவில் கிடக்கும் அடமானம் கண்ணில் படாது. வரைபடத்தோடு வம்சாவளியையும் சேமிக்க வேண்டும் என்பது இதைத்தான். இன்றைய நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேற்றைய நிலத்தை அழித்துவிடுகிற தரவுத்தளம் பார்க்க அழகாக இருக்கும், நீதிமன்றத்தில் உதவாது.

2008-ல் மத்திய அரசு பழைய திட்டங்களை ஒன்றாக்கித் தேசிய நிலப்பதிவு நவீனமயத் திட்டம் என்று புதிய பெயரில் கொண்டுவந்தது. எழுத்தையும் படத்தையும் பத்திரப் பதிவையும் ஒரே சரட்டில் கோக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். வருவாய்ப் பதிவுகளுக்குத் தமிழ்நிலம் மென்பொருள் வந்தது. புலப்படங்களுக்கு, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட்.

கொலாப்லேண்ட் செய்தது புத்திசாலித்தனமான காரியம். பழைய தாளை ஸ்கேன் செய்து கோட்டின் மேல் கோடு இழுக்கவில்லை. தாள் சுருங்கும், மடிப்பில் நூல் பிரியும், மை பரவும். அதற்குப் பதில், தாளில் எழுதியிருந்த எண்களை எடுத்தார்கள்: ஜி-லைன் இத்தனை, இத்தனையாவது இடத்தில் இடப்புறம் ஆஃப்செட் இத்தனை. லேடரைக் கணினிக்குச் சொன்னால் அது புலத்தை மறுபடி வரைந்துவிடும். காகிதத்தின் குறையெல்லாம் கழிந்து, 1860களிலோ 1910களிலோ வெயிலில் நின்று ஒருவர் படித்துச் சொன்ன அளவு அப்படியே திரையில் எழுந்து நின்றது. அந்தச் சங்கிலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல மரியாதை கிடைத்திருக்காது.

அடுத்த வேலை, தனித்தனியாக எழுந்த புலங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கிராம வரைபடம் ஆக்குவது. கதை அங்கேதான் முட்டிக்கொண்டது.

45-ன் தாளில் பொது வரப்பு 312 லிங்க் என்று இருக்கும். 46-ன் தாளில் அதே வரப்பு 309. உதாரணத்துக்குச் சொல்கிறேன், மூன்று லிங்க் ஏறத்தாழ இரண்டடி. அளந்த நாள் வேறு, அளந்த ஆள் வேறு. சங்கிலி இழுத்து இழுத்து நீண்டிருக்கும், மேட்டிலும் பள்ளத்திலும் தொய்ந்திருக்கும். ஒரு பக்கத்தில் பின்னால் உட்பிரிவு செய்தபோது திருத்தியிருப்பார்கள், மறுபக்கத் தாளைத் தொட்டிருக்க மாட்டார்கள். தாளுக்குத் தாள் தனியாக இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. திரையில் சேர்த்தபோது இரண்டு புலங்களுக்கு நடுவே எவருக்கும் சொந்தமில்லாத மெல்லிய இடைவெளி தெரிந்தது. வேறோர் இடத்தில் ஒரு புலம் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. நிலத்தில் வரப்பு ஒன்றுதான். கணினியில் இரண்டு.

புவியியல் தரவுத்தளம் இதைப் பொறுத்துக்கொள்ளாது. இரண்டு பரப்புக்கு நடுவே இடைவெளி கூடாது, மேற்படிவு கூடாது, பொதுக் கோடு ஒரு முறைதான் சேமிக்கப்பட வேண்டும் என்பது அதன் இலக்கணம். மென்பொருள் தெரிந்த இளைஞருக்கு இது பெரிய வேலையே அல்ல. இரண்டு கோட்டையும் சராசரி எடுத்து நடுவில் ஒன்றாக்க ஒரு கட்டளை போதும். அப்படிச் செய்யலாமா என்பதுதான் கேள்வி. இரண்டு பேருக்கும் ஓரடி ஓரடியாக நிலம் கூடவோ குறையவோ செய்கிறது. அறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை. 1923 சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட புலப்படத்தின் கோடு முடிந்த முடிபான சான்று; தரவுத்தளத்தில் நகர்த்திய கோட்டுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வரும்? என் பார்வையில், ஒட்டவைத்த கிராம வரைபடம் ஏரிக்கும் சாலைக்கும் திட்டம் போடுகிறவர்களுக்கானது. இரண்டு பங்காளிகளுக்கு நடுவே வரப்புத் தகராறு என்றால் பழைய லேடர் எண்களிடமே திரும்ப வேண்டும். ஆகவே திருத்திய கோட்டைச் சேமிக்கிற தரவுத்தளம், அளந்த எண்ணையும் அதன் பக்கத்திலேயே அழியாமல் வைத்திருக்க வேண்டும்.

இந்த ஒட்டாமையைக் கணினியின் கோளாறு என்று பேசுகிறவர்கள் பலர். கணினி எதையும் புதிதாகக் கெடுக்கவில்லை. வரிக்காக அளந்தவருக்கு இரண்டடி பெரிதல்ல. தீர்வையில் ஓரணாகூட வித்தியாசம் வராது. அந்த அளவைக்குப் பின்னால் நாம் உரிமை கேட்டு வந்து நிற்கிறோம். வங்கிக் கடனையும் அடுக்குமாடியையும் அதன் மேல் ஏற்றுகிறோம். தாள் சொன்ன பதில் மாறவில்லை, கேள்வி மாறிவிட்டது.

செயற்கைக்கோள் வந்து இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. கையில் பிடிக்கும் கருவி இன்று சென்டிமீட்டர் கணக்கில் இடம் சொல்கிறது. ஆனால் அது சொல்வது பூமி முழுவதற்குமான டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கில். இந்தியாவின் பழைய வரைபடங்கள் நின்றது எவரெஸ்ட் 1830 என்ற வேறு பூமி உருவத்தின் மேல். புலப்படமோ எந்த உருவத்தின் மேலும் நிற்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கல். லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை இந்த மண்ணுக்குச் சட்டகம் கொடுத்தும், அந்தச் சட்டகம் நம் புலத் தாள்களுக்குள் இறங்கவில்லை. எனவே புலப்படத்தைப் பூமியில் பொருத்த, தாளிலும் இருக்கிற நிலத்திலும் இருக்கிற கற்கள் சிலவாவது வேண்டும். கல் எங்கே? டிராக்டர் தள்ளியது பாதி, ஆசாமிகள் தள்ளியது மீதி. கல்லைப் பிடுங்கியவனுக்குச் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது, உண்மைதான்.

பதிவுத் துறையையும் இணைத்தாயிற்று. 2018-ல் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்த பிறகு பத்திரம் பதிவானதும் தகவல் தமிழ்நிலத்துக்குப் போகிறது. முழு உட்பிரிவையும் ஒருவர் விற்றால், உருவம் மாறவில்லை, பெயர் மட்டும் மாற வேண்டும். பட்டா தானாகவே மாறிவிட முடிகிறது. ஒரு பகுதியை விற்றால் சர்வேயர் வர வேண்டும், அளக்க வேண்டும், புதிய உட்பிரிவு எண் பிறக்க வேண்டும். வரிசை அங்கே நிற்கிறது. இந்த இடத்தில் கர்நாடகம் ஒரு நல்ல காரியம் செய்தது: விவசாய நிலத்தில் ஒரு பகுதியை விற்பதானால், பதிவுக்கு முன்பே அளந்து 11-ஈ என்ற வரைபடம் எடுத்துவர வேண்டும். முதலில் கோடு, பிறகு பத்திரம். நாம் முதலில் பத்திரம் எழுதி, சக்குபந்தியில் 'இதற்குள்பட்ட வடபுறம்' என்று போட்டு, அந்த வடபுறத்தைத் தேடப் பிற்பாடு சர்வேயரைக் கூப்பிடுகிறோம்.

2021-ல் மத்திய அரசு ஒவ்வொரு நிலத்துக்கும் 14 இலக்க அடையாளம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பூ-ஆதார் என்று அழைக்கிறார்கள். நிலத்தின் முனைகளின் அட்சரேகை தீர்க்கரேகைகளிலிருந்து அந்த எண் உருவாகிறது. மாவட்டத்தைப் பிரித்தாலும் கிராமத்தின் பெயரை மாற்றினாலும் அது அசையாது. சர்வே எண்ணின் பெரிய தொல்லை ஒன்று இதில் தீர்கிறது. ஆனால் அந்த எண் பிறப்பது முனைகளிலிருந்து. முனைகள் வந்தது ஒட்டவைத்த வரைபடத்திலிருந்து. 45-க்கும் 46-க்கும் நடுவே நகர்த்தப்பட்ட அந்தக் கோடு இப்போது இரண்டு அடையாளங்களுக்குள்ளும் போய்விட்டது. நாளை மறுஅளவை செய்து அறிவிப்புக் கொடுத்து விசாரித்துக் கோட்டைச் சரியான இடத்தில் வைத்தால், எண்ணை மாற்றுவதா, நிலம் நகர்ந்தும் எண் நகரவில்லை என்று விட்டுவிடுவதா? எந்த மாநிலம் எந்த வழியை எடுத்தாலும், பழைய எண்ணைச் சொல்லும் பத்திரங்கள் அதற்குள் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவு நேரம் பேசியது புலத்தைப் பற்றி. ஜி-லைன், கல், லேடர் உள்ள நிலத்தைப் பற்றி. ஊருக்கு நடுவில் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் நத்தத்துக்கு இதில் எதுவும் கிடையாது. தீர்வை இல்லாத நிலத்தை உள்ளே புகுந்து அளப்பானேன் என்று, முழு நத்தத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போனவர்கள் அந்தப் பழைய அளவைக்காரர்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் வீடு வீடாகப் பட்டா கொடுத்த நத்தம் நிலவரித் திட்டமும், 2020-ல் ட்ரோனோடு வந்த ஸ்வாமித்வாவும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)